நிழலில்லாத நிழற்படம்

கறுப்பு வெள்ளையில், அசைவினால் கலங்கி, கண்ணும் மூக்கும் புகைபோல் இழுபட்டு நிற்கும் மனித உருவங்களை இன்று நம் இளைஞர்கள் கைப்பேசியிலேயே உண்டாக்கிக்கொள்கின்றனர். ஒளிப்படக் கருவி வேண்டுவதில்லை. எதிரே அமர ஓர் ஆளும் வேண்டுவதில்லை. வேண்டியதை எழுதினால் செயற்கை நுண்ணறிவுப் பொறி சில விநாடிகளில் படத்தை நீட்டுகிறது. இது மார்க்கத்தில் ஆகுமா, ஆகாதா என்று தருமபுரி, பாலக்கோடு, அரூர் பகுதிச் சகோதரர்கள் வினவுகின்றனர். ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் படம் எவ்வாறு பிறக்கிறது என்று அறியாமல் தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

ஒளிப்படக் கருவியின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எதிரே இருப்பவர் அசைந்தால், அவர் இருந்த நிலைகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கலங்கல் என்பது அதுவே. 1838இல் டாகேர் என்பார் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படம் பிடித்தபோது பல நிமிடங்கள் ஒளி விழவேண்டியிருந்தது. வண்டிகளும் வழிப்போக்கரும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஓரிடத்தில் நின்றிருந்த ஒருவர் பதிந்தார். 1911இல் இத்தாலியரான பிரகாலியா, அசையும் மனிதரை வேண்டுமென்றே கலங்கலாகப் பதிந்து அதை ஒரு கலையாக்கினார். அசைந்தவர் மெய்யாகவே அங்கு இருந்தார். ஒளி அதற்குச் சாட்சி.

பொறியின் வழி வேறு. இணையத்தில் குவிந்த படங்களையும் அவற்றின் சொற்குறிப்புகளையும் கொண்டு அது பயிற்றப்படுகிறது. 2022இல் வெளியான லயான்-5பி என்னும் தொகுப்பில் மட்டும் இத்தகைய இணைகள் 585 கோடி. வெறும் புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, அதைப் படிப்படியாகத் துடைத்து, நம் சொற்களுக்கு இசைந்த உருவை அது கொணர்கிறது. 'மெதுவான ஷட்டர்' என்று எழுதினால் அத்தகைய படங்களின் சாயலைத் தருகிறது. அங்கே ஷட்டரும் திறக்கவில்லை, தலையும் திரும்பவில்லை.

எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், ஒளிப்படம் எடுத்தல் புதிதாக உருவம் படைத்தலன்று, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்தலே என்று வாதிட்டார்கள். தமிழில் நிழற்படம் என்று நாம் வழங்கும் சொல்லும் அக்கருத்துக்கு எத்துணை அணுக்கமாக இருக்கிறது! நம் நாட்டு ஆலிம்களில் பலர் அவ்வாதத்தை ஏற்றாரில்லை. ஏற்றவர்களும் இப்போது ஒன்றைச் சிந்திக்கவேண்டும். பொறி தரும் படத்தில் தடுத்து நிறுத்துவதற்கு நிழலே கிடையாது.

மறுபுறம், உருவத்தின் தலை நீக்கப்பட்டால் அது மரம்போல் ஆகிவிடும் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. அதைக்கொண்டு முகமற்ற உருவுக்கு இடமளித்த சட்ட அறிஞர்களும் உளர். ஆகவே முகம் முற்றும் கரைந்துவிட்ட ஓர் உருவை வெறும் வேலைப்பாடாக அமைப்பவரோடு நான் வழக்காட வரவில்லை. அதற்கு ஒருவருடைய பெயரைச் சூட்டும்போதுதான் என் கவலை தொடங்குகிறது.

நம் பகுதி இளைஞர் ஒருவர், தம் அத்தாவின் நன்னிக்குப் பொறியால் படம் செய்து சட்டமிட்டு மாட்டியிருந்தார். அந்த அம்மையார் வாழ்நாளில் கேமரா முன் நின்றதே இல்லை. "முகம் தெரியாது, ஹஜ்ரத், அதனால்தான் கலங்கலாக வைத்தேன், தவறு நேராதல்லவா?" என்றார். கபடமற்ற பிள்ளை. ஆயினும் அந்தக் கலங்கல் அறியாமைக்குப் போர்த்திய முக்காடே. வீட்டுச் சிறுவர்கள் அதைக் காட்டி, "இவர்தாம் எங்கள் மூதாட்டி" என்று எனக்கே அறிமுகம் செய்தனர்! அவரை நேரில் கண்ட மருமகள் அதே வீட்டின் திண்ணையில் அமர்ந்திருந்தார். கன்னத்து மச்சத்தையும், களி கிண்டும்போது தோளைச் சாய்க்கும் வழக்கத்தையும் கேட்டவுடன் சொன்னார். அதுவரை அவரிடம் எவரும் கேட்கவில்லை.

2023இல் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், பொறியால் உண்டாக்கிய, பெண்கள் இருவரின் பழங்காலக் கறுப்பு வெள்ளை உருவப்படம் போன்ற ஒன்றுக்குச் சோனி உலக ஒளிப்படப் போட்டியில் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அது ஒளிப்படமன்று என்று கூறி ஏற்க மறுத்தார். பரிசைத் துறந்தும் பொருளுக்கு அதன் பெயரையே இட்டார்.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நம் மாவட்டத்து நடுகற்களைக் காணலாம். வில்லோ வாளோ ஏந்திப் பாய்கின்றான் வீரன். பல கற்களில் முகம் மழுங்கிவிட்டது. சிற்பி அவன் முகத்தை உள்ளபடி செதுக்கினான் என்று கொள்வதற்கும் இல்லை. ஆயினும், எழுத்துப் பொறித்த கற்கள் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எவ்வூர்த் தொறுவை மீட்டு எவன் பட்டான் என்று கூறுகின்றன. அவனை அறிந்தோர் சொன்னதையே உளி எழுதியது.

பொறி தந்த படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோர் அதன் அடியில், இது கணினி ஆக்கியது, இவர் படம் எடுத்துக்கொண்டதில்லை என்று மையால் எழுதிவையுங்கள். அவரைக் கண்டவர் எவரேனும் உயிரோடிருப்பின், இந்த ஜும்ஆவுக்குப் பின்னரே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவரிடம் சென்று அமருங்கள்.