பள்ளியை மூடுவோர் ஊரை மூடுவோரே!

ஊரையும் சேரியையும் ஒரே வரிசையில் அமர்த்திய இடம் தமிழகத்துச் சிற்றூர்களில் ஒன்றே ஒன்றுதான். அது கோயிலன்று, கிணற்றடியன்று, களத்துமேடன்று, சுடுகாடுமன்று. ஊரின் தொடக்கப்பள்ளியே அது. பிறவிடங்களிலெல்லாம் சாதிக்கோடு பெரியவர்களைப் பிரித்து நிறுத்தியபோது, பள்ளியில் இருசாராரின் பிள்ளைகளும் ஒரே கரும்பலகையைப் பார்த்து அகரம் எழுதினர். ஒரே பானைச் சோற்றை உண்டனர். அப்பள்ளியின் எல்லையை அழித்தெழுதுவது வெறும் அலுவலகக் கணக்கு வேலை என்று எண்ணுவோர், ஊர் என்பது இன்னதென்றே அறியாதோர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வாழிடத்தை ஒட்டியே பள்ளி வேண்டும் என்றது. அதன்வழி வந்த விதிமுறைகள் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர், நடுநிலைப்பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் என நடைதொலைவை வரையறுத்தன. பிள்ளையின் நலத்துக்காக இழுக்கப்பட்ட கோடு அது. அதே கோடு இன்று ஊர்ப்பள்ளியின் கழுத்தில் சுருக்காக விழுந்திருக்கிறது!

எவ்வாறெனின், அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோர் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்குரிய கட்டணத்தை அரசே செலுத்த வேண்டும் என்கிறது. தமிழகத்தில் 2013 தொடங்கிச் செயலுக்கு வந்த இவ்வேற்பாட்டில் முன்னுரிமை யாருக்கு? தனியார் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கு! அப்பள்ளிகளுள் மிகப்பெரும்பாலன ஆங்கிலவழிப் பள்ளிகள். தமிழ்வழி ஊர்ப்பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையைத் தமிழர் வரிப்பணத்தைக் கொண்டே ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிறார்கள். கருநாடக அரசு 2018 இறுதியில் தன் விதிமுறையைத் திருத்தி, அருகில் அரசுப்பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருக்குமிடத்தில் தனியார் பள்ளிக்கு இவ்வொதுக்கீடு வேண்டியதில்லை என்றது. கன்னடர்க்குத் தோன்றிய இவ்வறிவு தமிழ்நாட்டு ஆட்சியாளர்க்குத் தோன்றாமற்போனதேன்?

பிள்ளைகளை வெளியே அனுப்பிய கைகளே பின்னர் வருகைப்பதிவேட்டைப் புரட்டி, 'பிள்ளைகள் இல்லையே' என்று வியந்தன. மாணவரே இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக்கும் முடிவு 2019இல் வந்தது. நூலகம் வேண்டாவென்பார் எவருமிலர். ஆனால் எழுத்தறிவித்த இடத்தை மூடிவிட்டு, அங்கே யார் வந்து படிக்க நூலகம்?

திருவண்ணாமலையிற் பொழுது புலரும் வேளையில் நின்று பார்த்தால் இக்கேட்டின் அளவு விளங்கும். மலைவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதனை ஒட்டிய சிற்றூர்களிலிருந்து ஒரே தெருப்பிள்ளைகள் நான்கு நிறச் சீருடைகளில் நான்கு சிற்றுந்துகளில் ஏறி நான்கு திசைக்குப் பிரிகிறார்கள். மாலையில் திரும்பும் அவர்களுக்குப் பொதுவான ஆசிரியர் இல்லை, பொதுவான பாடமில்லை, பொதுவான விளையாட்டுமில்லை. எஞ்சிய ஏழைப்பிள்ளைகள் மட்டுமே ஊர்ப்பள்ளியில். அதையும் மூடி அடுத்த ஊர்ப்பள்ளியோடு இணைத்தால், முழுநிலா நாளிலும் கார்த்திகை விளக்கீட்டிலும் மக்கள்வெள்ளம் பெருகும் அச்சாலையை ஆறு அகவைப் பிள்ளை எவ்வாறு கடக்கும்?

திருவண்ணாமலை நகராட்சி 2024இல் மாநகராட்சியாயிற்று. ஊராட்சியும் நகரமும் ஒன்றாகும்போது ஊர்ப்பள்ளிகளின் எல்லை யாரைக் கேட்டு வரையப்படும்? வீட்டுவரிக்கும் குப்பைவரிக்கும் கோடு போடுவோர், பிள்ளையின் நடைவழிக்கும் தாமே கோடு போட்டுவிடலாகாது.

சவ்வாது மலையிலோ நிலை இன்னும் கொடிது. நிலப்படத்தில் வட்டமிட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும் குடியிருப்புக்கும் பள்ளிக்குமிடையே மேடும் ஓடையும் காடும் கிடக்கும். பறவைக்குத்தான் அது ஒரு கிலோமீட்டர். மலையாளிப் பழங்குடிச் சிறுமிக்கு அரைநாட் பயணம். இம்மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர்க்கு வழிகாட்டும்போது எவ்வழி செல்லலாம், எங்கே இடர் உண்டு, எந்தச் சிற்றூரார் விருந்தோம்புவர் என்று ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கிறது. வழிப்போக்கரின் காலடியை எண்ணிப் பார்த்த அந்நாட்டில், இன்று தன் பிள்ளையின் காலடியை எண்ணிப் பார்ப்பாரில்லை!

'ஓராசிரியர் ஐந்து வகுப்பு நடத்துவதினும் ஒரு பெரிய பள்ளி நன்றன்றோ' என்பர் சிலர். ஓராசிரியர்ப் பள்ளி குறையுடையதே; அதை மறுப்பதற்கில்லை. ஆயின் அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர் வேண்டுமென்று அதே சட்டத்தின் இணைப்புப் பட்டியல் கூறுகிறது. ஆசிரியரை அமர்த்தாத குற்றம் அரசினுடையது. தண்டனை மட்டும் ஊருக்கா? உத்தரப் பிரதேசத்தில் 2025 சூனில், ஐம்பதின்மருக்குக் குறைந்த பள்ளிகளை இணைக்கும் ஆணை வந்தது. பெற்றோரின் எதிர்ப்பு வலுத்த பின்னரே, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளிகளை இணைப்பதில்லை என்று அரசு இறங்கிவந்தது. வாய்திறந்த ஊர்க்கே பள்ளி எஞ்சும் என்பதை இது காட்டுகிறது.

பழைய எல்லைகளெல்லாம் காக்கத்தக்கன என்பதுமன்று. ஊருக்கொரு பள்ளி, சேரிக்கோர் ஆதிதிராவிடர் நலப்பள்ளி என்னும் பிரிவு சாதிக்கோடேயன்றி வேறில்லை. பல்வேறு துறைகளின்கீழ் உள்ள பள்ளிகள் யாவும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ் வரும் என்று 2023ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசு அறிவித்தது. நன்று! ஆனால் சேரிப்பள்ளியை மூடி அதன் பிள்ளைகளை ஊர்ப்பள்ளிக்கு ஓட்டுவது மட்டும் இணைப்பாகாது. சேரிப்பள்ளி நல்ல கட்டடமும் நல்லாசிரியரும் உடையதாயின், ஊரார் பிள்ளைகள் அங்கு நடந்துவரவேண்டும். அதற்கு உடன்படாதவன் தமிழன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் தகுதியற்றவன்.

இப்பள்ளிகள் எவர் கொடுத்த கொடை? 1953இல் அரைநாட் பள்ளித் திட்டம் வந்தபோது தமிழகம் கொதித்தெழுந்து, 1954இல் அதைக் கைவிடச் செய்தது. 1956இல் நண்பகலுணவு அரசுதவியுடன் பரவியது. 1958 தொடங்கி, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராயிருந்த காலத்தில் ஊர்தோறும் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், உழவரும் கூலியாளரும் நிலமும் பலகையும் பானையும் தந்து பள்ளிகளை வளர்த்தனர். ஊரார் கொடுத்ததை மூட ஊராரைக் கேளாத அலுவலர்க்கு என்ன உரிமை?

ஆதலின், பெற்றோரை நான்கில் மூன்று பங்கினராய்க் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊரவையும் ஒப்பாமல் எந்தத் தொடக்கப்பள்ளியின் எல்லையும் திருத்தப்படலாகாது. தொலைவு, நிலப்பட வட்டத்தாலன்றிப் பிள்ளை நடக்கும் வழியால் அளக்கப்படவேண்டும். தமிழ்வழிப் பள்ளி உள்ள ஊரில் ஆங்கிலவழிக்கு அரசுப் பணம் ஒரு காசும் போகலாகாது.

ஆட்சியாளரை மட்டும் சாடி அமைவது நேர்மையாகாது. மேடையில் தமிழ் முழங்கிவிட்டுத் தம் பிள்ளையை விடியலில் ஆங்கிலப்பள்ளிச் சிற்றுந்தில் ஏற்றிவிடும் தமிழ்ப்பற்றாளர் ஒவ்வொருவரும், தம் ஊர்ப்பள்ளியின் கதவுக்கு ஓர் ஆணி அடிக்கின்றனர். தமிழ்ப்பெற்றோரே! வரும் சூனில் உங்கள் பிள்ளையின் கையைப் பற்றி ஊர்ப்பள்ளிக்கு நடந்து செல்லுங்கள். சேரிப்பிள்ளையின் பக்கத்தில் அமர்த்துங்கள். அந்த ஒரு பலகையில் ஊர் ஒன்றாகும். ஊர் ஒன்றானால் எந்த அலுவலரின் எழுதுகோலும் அதன் எல்லையை அழிக்க இயலாது!