"இல்லை எண்டு போட்டிட்டு விடு"

சட்டம் படிக்க விண்ணப்பிக்கிற பெடியளுக்கு எங்கட ஆக்கள் குடுக்கிற முதல் புத்திமதி இதுதான். கேட்டாலே எரிச்சல் வரும்.

அமெரிக்காவில் டுவெயின் பெட்ஸ் 16 வயதில் துவக்குக் காட்டிக் கார் பறித்து, எட்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். பிறகு யேலில் சட்டம் படித்தார். கனெக்டிகட் மாநிலம் முதலில் இழுத்தடித்தாலும் 2017இல் சட்டத்தரணியாக ஏற்றுக்கொண்டது.

ஸ்டீபன் கிளாஸ் சிறைப்பக்கமே போகாதவர். 'நியூ ரிபப்ளிக்' சஞ்சிகையில் கட்டுக்கதைகளைச் செய்தியாக எழுதி 1998இல் பிடிபட்டார். நியூயோர்க்கில் சட்டத்தரணியாக விண்ணப்பித்தபோது, அந்தப் பொய்களை இனங்காணத் தான் ஒத்துழைத்ததாக மிகைப்படுத்தி எழுதினார். (பழைய பழக்கம்!) 2014இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவரை நிராகரித்தது. காரணங்களில் அந்தப் படிவமும் ஒன்று.

இங்கயும் சட்டத்தரணிக்கு நற்பெயர் வேணுமெண்டுதான் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் சொல்லுது. "பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சாலே ஆளைக் குற்றவாளியாப் பாக்கிற நாட்டில உண்மையைச் சொல்லி மாட்டுப்படுறதோ?" எண்டு கேப்பியள். நியாயமான பயம். அதுக்காகத்தான் கேள்வியை வடிவா வாசிக்கச் சொல்லுறன். தீர்ப்பைக் கேட்டால் தீர்ப்பை மட்டும் எழுதுங்கோ. கைதைக் கேட்டால் வெறும் 'ஓம்' போடாதேங்கோ; எப்ப பிடிச்சவை, குற்றம் சாட்டினவையோ, எப்ப விட்டவை, எல்லாம் எழுதி, நீதிமன்றப் பத்திரத்தின்ர பிரதியையும் இணைச்சு விடுங்கோ.