ஸ்டுடியோ நம்ம வீட்டிலேயே!

"ரெக்கார்டிங்கா? அதுக்கெல்லாம் சென்னைக்குப் போகணும்பா!" விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பாடத் தெரிந்தவர்கள் கேட்டுச் சலித்த பேச்சு இது. ஏ.ஆர்.ரகுமான் 1989-ல் ஸ்டுடியோ கட்டியது எங்கே? தன் வீட்டுப் பின்புறத்தில்! 1992-ல் 'ரோஜா' வந்தது. 'அவர் வீடே கோடம்பாக்கம்தானே' என்பீர்கள். சரிதான், ஆனால் அன்றைய செலவு இன்று இல்லையே!

கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் ஒரு மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் போதும். 'ஆடாசிட்டி' மென்பொருள் இலவசம். கண்டென்சர் மைக்குக்கு ஆசைப்படாதீர்கள். அதற்கு 48 வோல்ட் தரணும், பக்கத்து வீட்டு மிக்ஸி முதல் பஸ் ஹாரன் வரை அதில் விழும். டைனமிக் மைக்கை வாயருகே வையுங்கள். சுவரோரம் பஞ்சு மெத்தையைச் சாய்த்தால் எதிரொலி குறையும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலா? எர்த்தைப் பாருங்கள். ஈ.சி.இ. மாணவர்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன!

ஆனால் நண்பர்களே, சினிமாப் பாட்டை மட்டும் பாடிப் பதிந்துகொண்டிருந்தால் எப்படி? நம் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடும் வாத்தியார்களுக்கு வயதாகிறது. பல பாட்டு நோட்டில்கூட இல்லை, அவர்கள் தொண்டையில்தான் இருக்கிறது. முதலில் அதைப் பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூத்து குறைவு, ஆள் வீட்டில்தான் இருப்பார். மழை விட்ட நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.