அடிபட்ட இளமரமும் அதன் வேரும்

1950ஆம் ஆண்டில் தொடங்கிய வனமகோத்சவத்தின் பயனாக மரம் நடும் வழக்கம் நாடெங்கும் பரவியுள்ளது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏட்டில் ஏறுகிறது. ஆனால் இரண்டு மூன்று கோடைகளைக் கடந்து வேரூன்றிய இளமரம் ஒன்று, ஆடு கடித்தோ, வண்டி மோதியோ, காப்பு வேலியின் கம்பி இறுகியோ பட்டை இழந்து நிற்குமாயின், அதனைப் பிடுங்கி எறிந்து புதுக்கன்று வைப்பதே எளிய வழியெனக் கொள்ளப்படுகிறது. இவ்வழக்கம் சிக்கனமும் அன்று. விஞ்ஞானத்திற்குப் பொருந்துவதும் அன்று.

கோலார் தங்கவயல் போன்ற வறண்ட நிலத்தில் இது தெளிவாகப் புலப்படும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைமணல், மக்கள் வழக்கில் ‘சயனைடு மேடு’ எனப்படும் குன்றுகளாக இன்றும் நிற்கிறது. அம்மணலில் மக்கு இல்லை; காற்று வீசுங் காலத்தில் அது தூசியாய் எழுந்து வீடுகளில் படிகிறது. இத்தகைய ஊரில் தூசியைத் தடுத்து நிழல் தரும் ஒவ்வொரு மரமும் பல ஆண்டு உழைப்பின் பயனாகும். 13 மேடுகளை மீண்டும் அகழ்ந்து பொன் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அரசு 2024இல் இசைவளித்தது. அப்பணி நடைபெறுங்கால், அவற்றின் ஓரங்களிலும் பாதையோரங்களிலும் உள்ள இளமரங்கள் அடிபடவும் இடம்பெயரவும் நேரலாம். ஆதலின் முறையை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இலைகளில் உண்டாகும் உணவு உட்பட்டையின் வழியே வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சும் நீர் உள்ளிருக்கும் மரப்பகுதியின் வழியே மேலேறுகிறது. ஆகவே பட்டை முழு வட்டமாக உரிந்த மரம் உடனே வாடுவதில்லை. வேர் பட்டினி கிடந்து, சில மாதங்களுக்குப் பின்னரே மடிகிறது. பசுமையைக் கண்டு ஏமாறுதல் கூடாது. காயம் சுற்றளவில் கால் பங்கிற்கு உட்பட்டதாயின் மரம் பெரும்பாலும் பிழைக்கும். பாதிக்கு மேற்பட்டால் ஐயமே.

மரத்தின் காயம் விலங்கின் புண்ணைப்போல் ஆறுவதில்லை. சேதமுற்ற பகுதியைச் சுற்றி மரம் தடுப்பெழுப்பி, அதனைத் தனிமைப்படுத்திவிட்டுப் புதுப்படை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் இதனை விளக்கினார். தாரும் வண்ணமும் சாணமும் பூசுவதால் உள்ளழுகல் நிற்பதில்லை. கிழிந்த விளிம்பைக் கூரிய கத்தியால் சீராக நறுக்கிக் காயத்தைத் திறந்து விடுவதே போதும். பட்டை அப்போதே பெயர்ந்து ஈரமாயிருந்தால் மட்டும், அதைப் பழைய இடத்தில் பொருத்தி, ஈரத்துணியால் சுற்றிச் சில வாரங்கள் கட்டிவைக்கலாம்.

முழு வட்டமாகப் பட்டை இழந்த வேம்பையும் புங்கத்தையும் இழந்ததாகக் கருத வேண்டுவதில்லை. மழைக்கு முன் தரையை ஒட்டிச் சாய்வாக அறுத்துவிட்டால் அடிக்கட்டை துளிர்க்கும். வலிய துளிர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். தேக்கு நாற்றின் தண்டை நறுக்கி வேர்க்கட்டையாக நடும் வனத்துறையினரின் பழைய முறையும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. ஒட்டு மாவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒட்டுக்குக் கீழே எழும் துளிர் நாட்டு மாவாகவே காய்க்கும்.

காயமும் இடமாற்றமும் ஒரே பருவத்தில் நேரலாகாது என்பதே தலையாய விதி. இரண்டும் வேரிலும் தண்டிலும் சேர்ந்துள்ள ஒரே மாவுப்பொருளைச் செலவிடுகின்றன. எனவே மரம் ஒரு பருவம் தேறட்டும். பிறகு அடிமரக் குறுக்களவைப்போல் பத்து மடங்கு அகலமுள்ள வேர்மண் கட்டியைக் குறித்து, சுற்றிலும் பள்ளமெடுத்து, வேரைப் பாதிப்பாதியாக இரு தவணையில் அறுக்க வேண்டும். 5 செ.மீ. தடித்த மரத்திற்குக் கட்டி 50 செ.மீ. அகலம் இருக்கும். கட்டிக்குள் நுண்வேர்கள் பெருகியபின், மழை தொடங்குங்கால் பெயர்த்து, முன்னிருந்த ஆழத்திலேயே நடுதல் வேண்டும். அடிமரத்தை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகும். மேட்டு மணலில் நடாமல் நல்ல மண்ணுள்ள இடத்தைத் தேர்தல் அவசியம். அடுத்த இரு கோடைகளிலும் நீர் தவறலாகாது.

அனுமதி பற்றியும் ஒரு சொல். கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப்பாதுகாப்புச் சட்டப்படி, விலக்களிக்கப்பட்ட இனங்கள் நீங்கலாக, மரத்தை வெட்டுமுன் மர அலுவலரின் இசைவு பெறுதல் வேண்டும். அடிக்கட்டையாக அறுப்பதற்கு முன்னும் அவரைக் கலந்துகொள்வது முறை.

இவ்வேலைக்கு வேண்டியவை கத்தியும், மண்வெட்டியும், பொறுமையுமே. ஆயினும் நட்டவற்றை மட்டும் எண்ணும் ஏட்டில் இதற்கு இடமில்லை. காப்பாற்றப்பட்ட மரம் அங்கே பூஜ்யமாகவே நிற்கிறது. களப்பணியாளர்களின் அறிக்கையிலும் பள்ளித் தோட்டக் குறிப்பேட்டிலும் ‘மூன்றாம் ஆண்டில் நிற்பவை’ என்ற பத்தியொன்று சேர்க்கப்படுமானால், அடிபட்ட மரத்தைப் பிடுங்குமுன் எவரும் ஒருமுறை குனிந்து அதன் வேரைப் பார்ப்பர்.