கலிபோர்னியாவின் இரண்டாம் வாசல்

அமெரிக்கப் பள்ளிகளில் ஜி.பி.ஏ. என்று ஒரு கணக்கு உண்டு. 'ஏ' வாங்கினால் நான்கு, 'பி' வாங்கினால் மூன்று, 'சி' என்றால் இரண்டு என்று பாடந்தோறும் புள்ளியிட்டு, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி காணும் இந்த முறை பார்வைக்கு வெகு நியாயமாகத் தோன்றினாலும், சராசரி என்பது மனிதரின் வளர்ச்சியை அறியாத வஸ்து. பத்தாம் வகுப்பில், தகப்பனார் வேலையிழந்து வீடு மாறிய குழப்பத்தில், நான்கு பாடங்களிலும் 'சி' வாங்கிய ஒரு பெண், மறு வருஷம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டு 'ஏ'யும் இரண்டு 'பி'யும் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்துச் சராசரி 2.0, அடுத்த வருஷத்தது 3.5, இரண்டும் சேர்ந்து 2.75. கலிபோர்னியா சர்வகலாசாலை தன் மாகாணத்து மாணவரிடம் கேட்கும் குறைந்தபட்சமோ 3.0. அதிலும் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வளாகங்களில் 3.0 என்பது விண்ணப்பம் போடும் யோக்யதையே ஒழிய, இடம் கிடைக்கும் யோக்யதை அன்று. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களை அந்தச் சர்வகலாசாலை கணக்கில் சேர்ப்பதில்லை. கருணைதான், ஆனால் ஒரு வகுப்போடு நின்றுவிடும் கருணை.

இந்தப் பெண்ணுக்கு அந்த மாகாணம் என்ன வழி வைத்திருக்கிறது என்று பார்க்கும்போது, சரித்திரத்தில் ஒரு விசித்திரம் தென்படுகிறது. 1960-ஆம் வருஷம், கிளார்க் கெர் அந்தச் சர்வகலாசாலையின் தலைவராக இருந்த காலத்தில், கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அதுவரை பள்ளி முடித்தவர்களில் முதல் 15 சதவீதத்தினருக்குத் திறந்திருந்த சர்வகலாசாலையின் கதவு 12.5 சதவீதத்துக்கும், ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் திறந்திருந்த மாகாணக் கல்லூரிகளின் கதவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறுக்கப்பட்டன. இவ்வளவு தூரம் கதவைச் சாத்திய அதே கை, சமுதாயக் கல்லூரி என்னும் இரண்டு வருஷக் கல்லூரிகளை, படித்துப் பயன்பெறக் கூடிய எவரும் சேரலாம் என்று விசாலமாகத் திறந்து வைத்ததுடன், அங்கே தேறியவர்களுக்கு மூன்றாம் வருஷத்தில் இடம் இருக்கவேண்டும் என்பதற்காகச் சர்வகலாசாலையின் முதல் இரண்டு வருஷத்து மாணவர் தொகையை இளங்கலை மாணவரில் 40 சதவீதத்துக்குள் அடக்கவேண்டும் என்றும் விதித்தது. இதில் சிக்கனமும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், சிக்கனத்துக்காகச் செய்த காரியமெல்லாம் தர்மத்துக்கு விரோதமாகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

சமுதாயக் கல்லூரியில் 60 செமஸ்டர் யூனிட் படித்து மாற்றலுக்கு விண்ணப்பிக்கிற மாணவரைச் சர்வகலாசாலை மதிப்பிடுவது, அவர் கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்களைக் கொண்டுதான். பத்தாம் வகுப்பின் நான்கு 'சி'க்கள் அங்கே பேசப்படுவதில்லை. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், தாங்கள் குறித்த சராசரியையும் பாடங்களையும் முடித்தவருக்கு இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி தருகின்றன. செலவும் சொற்பம்: யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், சர்வகலாசாலையில் மாகாணவாசிக்கே ஒரு வருஷக் கட்டணம் 14,000 டாலருக்கு மேல்.

இவ்வளவு இருந்தும், அந்த மாகாணத்தின் குபர்டினோ, ஃப்ரீமான்ட் நகரங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் 'கம்யூனிட்டி காலேஜா?' என்று கேட்கும் குரலில், ஏதோ அபகீர்த்தி நேர்ந்துவிட்ட தொனி ஒலிக்கிறது. குபர்டினோவிலேயே இருக்கும் டி ஆன்சா கல்லூரியிலிருந்து வருஷந்தோறும் ஏராளமானோர் சர்வகலாசாலைக்கு மாறிச் செல்கிறார்கள் என்பது அந்த ஊரிலேயே வசிக்கும் பெற்றோருக்குத் தெரியாததல்ல. கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளத்தான் கூச்சம்.

கூச்சம் போகட்டும், குறை வேறிடத்தில் இருக்கிறது. மாறிச் செல்லவேண்டும் என்ற எண்ணத்துடன் சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஆறு வருஷமாகியும் மாறுவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதும் குடும்ப பாரமும் காரணங்களே என்றாலும், ஸ்தாபனங்கள் தாமே உண்டாக்கிய காரணம் ஒன்று உண்டு: ஒரு வளாகம் கேட்கும் முன்பாடத்தை மற்றொரு வளாகம் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க விரும்பி நான்கு வளாகங்களுக்கு விண்ணப்பிக்க எண்ணும் ஒருவர், எந்தக் கல்லூரியின் எந்தக் கணிதப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' என்னும் பொதுப் பட்டியலில் தேடி, நான்கு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, முதல் பருவத்திலேயே திட்டம் போட்டாக வேண்டும். வீட்டில் கல்லூரி கண்டவர் இருந்தால் இது ஒரு மாலை வேலை. இல்லாதவருக்கோ ஒரு பாடம் தவறினால் ஒரு வருஷம் நஷ்டம். பள்ளியில் தடுமாறியவருக்கென்றே அமைத்த வழியில், வழிகாட்டி இல்லாதவரே மறுபடியும் தடுமாறும்படி விட்டிருப்பது எந்த விதத்தில் நியாயம்?

2021-இல் இயற்றிய சட்டத்தின் பயனாக, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து பொதுப்பாடங்களுக்காவது சர்வகலாசாலைக்கும் மாகாணக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் வந்திருக்கிறது. சிறப்புப் பாடங்களுக்கும் அவ்வாறே ஒரே பட்டியல் வேண்டும். அதை வகுக்கும் பொறுப்பு, இளங்கலை கற்பிக்கும் ஒன்பது வளாகங்களின் பேராசிரியர் சபைகளைச் சார்ந்தது. நிச்சய இடம் தரும் உறுதியில் இப்போது இல்லாத பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களும், குறைந்தபட்சம் நெரிசலில்லாத பாடப்பிரிவுகளிலாவது, அதில் சேரவேண்டும்.