ஐன்ஸ்டீனைக் கவிழ்த்தாச்சா?

ஜார்ஜ்டவுன் மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நம் இலக்கிய நண்பர்கள் ஐன்ஸ்டீனைக் கவிழ்த்துவிடுகிறார்கள். “இருண்ட ஆற்றல் கட்டுக்கதை, ஈர்ப்பு விதியைத் திருத்தினா போதும்!” கலகம்னா நமக்குப் பிடிக்கும்தானே.

1998இல் பிரபஞ்சம் முடுக்கத்துடன் விரிவது தெரிந்தபின் விதியைத் திருத்திப் பார்த்தவர்கள் பலர், தப்பே இல்லை. ஆனால் 2017 ஆகஸ்ட் 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக் கிளம்பிய ஈர்ப்பலையும் காமா கதிரும் சுமார் 13 கோடி ஆண்டு பயணித்து, 1.7 விநாடி வித்தியாசத்தில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பலைக்கு ஒளியைவிட வேறு வேகம் சொன்ன திருத்தங்கள் அத்தோடு அடிபட்டன. சில தப்பின.

பாயான் லெப்பாஸில் டெஸ்டில் தோற்ற சிப்பை, டிசைன் அழகா இருக்குன்னு நாங்கள் அனுப்புவதில்லை. இருண்ட ஆற்றல் என்னவென்று எனக்கும் தெரியாதுதான். அடுத்த தே தாரிக் என் செலவு, அந்த 1.7 விநாடிக்கு உங்க விதி என்ன சொல்லுது?