கண்மாய் வண்டலும் பழைய மருந்தின் விஷமும்

காளையார்கோவில் வட்டாரத்தில் கோடையில் கண்மாய்கள் வற்றியவுடன், உள்வாயிலுள்ள வண்டலை வெட்டி வயல்களுக்கு அடிப்பது தொன்றுதொட்டு வரும் நல்ல வழக்கமாகும். சரளை கலந்த செவ்வல் நிலத்திற்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியையும் உரச்சத்தையும் ஒருங்கே அளிப்பதில் வண்டலுக்கு நிகரான பொருள் சொற்பம். ஆனால் வண்டல் என்பது மேட்டு நிலங்களின் மண்ணேயன்றி வேறல்ல. மேற்கண்மாயின் கழிவு ஜலம் கீழ்க்கண்மாயில் வந்து சேரும் இச்சீமையில், மேலேயுள்ள வயல்களில் தூவப்பட்ட மருந்தும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கடைசியில் கண்மாய்த் தரையில் படிகிறது. ஆகையால் வண்டலை வெட்டுமுன், பழைய பூச்சி மருந்துகளின் கதி என்னவாகிறது என்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

அம்மருந்துகளில் முதன்மையானது பி.எச்.சி. பொடியாகும். 1997-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல் இந்தியாவில் தடை செய்யப்படும் வரையில் இது ஏராளமாகப் பயிர்களின்மேல் தூவப்பட்டு வந்தது. பி.எச்.சி.யில் பூச்சியைக் கொல்லும் காமா வகை நூற்றுக்கு 10 முதல் 15 பங்குதான். மீதமுள்ள ஆல்பா, பீட்டா, டெல்டா முதலிய வகைகள் பூச்சிக்குப் பெரும்பாலும் பிரயோஜனமற்றவை, ஆனால் பூமிக்குப் பாரமானவை. காமா வகையை மட்டும் பிரித்தெடுத்த லிண்டேன் மருந்தின் உபயோகமும் 2013-ல் நின்றது. பி.எச்.சி.யின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஆறு குளோரின் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கின்றன. ஆகையினாலேயே அது எளிதில் மக்குவதில்லை. வைக்கோலின் வழியே மாட்டுப் பாலிலும், உணவின் வழியே தாய்ப்பாலிலும் இவ்விஷம் சென்றிருப்பது ஆராய்ச்சிகளில் காணப்பட்டிருக்கிறது.

இவ்விஷயத்தில் குடியானவர்களிடையே இருவித அபிப்பிராயங்கள் உண்டு. மண்ணில் ஒருமுறை புகுந்த விஷம் என்றைக்கும் நீங்காது என்பது ஒன்று. மண் எதையும் தின்று தீர்த்துவிடும், கவலை வேண்டாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு. விஷத்தைச் சிதைக்கும் நுண்கிருமிகள் சேற்றிலேயே இருக்கின்றன. ஆயினும் அவை வேலை செய்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவ்வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு.

பிலிப்பைன்ஸ் தேசத்து லாஸ் பானோஸ் நகரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ராகு, மக்ரே என்னும் இருவர் செய்த பரீக்ஷை 1966-ல் வெளியாயிற்று. நீர் கட்டிய நெல் வயல் மண்ணில் இட்ட காமா பி.எச்.சி. சில மாதங்களுக்குள் மறைந்தது. கிருமிகளை முன்னதாகவே கொன்றுவிட்ட மண்ணிலோ அது நெடுநாள் தங்கிற்று. இரண்டாம் முறை இட்டபோது முதல் முறையைவிட விரைவாகக் கரைந்தது. கிருமிகள் அவ்வேலைக்குப் பழகிவிட்டன என்பது இதனால் விளங்கும். பின்னர் கட்டாக் நகரத்து மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் முதலியோர் நமது தேசத்து நெல் மண்களில் இதனை ஆராய்ந்து, வைக்கோல் போன்ற மக்கும் பொருளைச் சேர்த்தால் சிதைவு துரிதப்படுவதைக் கண்டனர்.

இதன் காரணம் எளிது. நீர் கட்டிய சேற்றில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கறுத்து நாறும் அச்சேற்றில் வாழும் கிருமிகளுள் சில, காற்றுக்குப் பதிலாகக் குளோரின் சரக்குகளையே பற்றிச் சுவாசிக்கின்றன. வேறு சில, தழைகளை மக்கச் செய்கையில் கூடவே இவற்றையும் சிதைக்கின்றன. இவ்வாறு குளோரின் ஒவ்வொன்றாகக் கழன்றபின் எஞ்சும் பொருளை, நிலம் காய்ந்து காற்றுப் புகும்போது வேறு ஜாதிக் கிருமிகள் எரித்து முடிக்கின்றன. காற்றுள்ள நிலையிலேயே பி.எச்.சி.யைத் தாக்கக்கூடிய கிருமியொன்றைக் கட்டாக் ஆராய்ச்சியாளர்கள் கரும்பின் வேரடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்து 1990-ல் அறிவித்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து சித்திரை, வைகாசியில் வெடிக்கும் கண்மாய்த் தரை, இவ்விருவகைக் கிருமிகளுக்கும் மாறிமாறி இடங்கொடுக்கிறது. கண்மாயைத் தூர்ந்துபோக விடாமல் பராமரிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி எல்லையைக் கவனிப்போம். பீட்டா வகை எல்லாவற்றிலும் பிடிவாதமானது. மிகவும் பிந்தியே நீங்கும். டி.டி.டி. மருந்தோ சேற்றில் டி.டி.டி.யாகவே இராமல் உருமாறினாலும், அதன் வழிவந்த சரக்குகளும் நெடுநாள் தங்குகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, பரவலாகக் கிடக்கும் சொற்ப மிச்சத்தைத் தீர்க்கும் கிருமிகள் குவியலாகக் கிடக்கும் விஷத்திற்கு ஈடுகொடுக்கமாட்டா. லக்னோவுக்கு அருகில் உம்மரி கிராமத்தில் லிண்டேன் தயாரிப்பின் கழிவு கொட்டப்பட்ட இடமே இதற்குச் சான்று. டெல்லி சர்வகலாசாலையார் ஆராய்ந்த ஒரு மாதிரியில், கிராம் மண்ணுக்கு 450 மில்லிகிராம் இவ்விஷம் இருந்தது. அவ்விடத்து மண்ணில் இதைத் தின்னும் கிருமிகள் இல்லாமலில்லை. இருந்தும் குவியல் குறையவில்லை.

கிணற்று ஜலத்திற்கு வேறொரு அபாயம் உண்டு. இயந்திரங்களின் பிசுக்கை நீக்கவும், துணிகளை ஜலமின்றி வெளுக்கவும் உபயோகிக்கும் சில குளோரின் திரவங்கள் ஜலத்தைவிடக் கனமானவை. நிலத்தில் ஊற்றினால் ஊற்றுக்கண் வரையில் இறங்கிவிடும். இவற்றின் குளோரினை முற்றிலும் கழற்றவல்ல கிருமியை அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையார் 1997-ல் வெளியிட்டனர். அந்நாட்டில் நிலத்தடி ஜலத்துள் இவ்வகைக் கிருமிகளையும், அவற்றிற்கு இரையாகக் கழிவு வெல்லப்பாகு, தாவர எண்ணெய் முதலியவற்றையும் செலுத்திப் பல இடங்களைச் சுத்தி செய்திருக்கிறார்கள். ஆனால் தகுந்த கிருமி இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்று, வினைல் குளோரைடு என்னும், புற்றுநோய் விளைக்கும் பொருள் தேங்கிவிடும். அரைகுறைச் சுத்தி முழு விஷத்தினும் பொல்லாதது. ஆகவே நிபுணர்கள் அடிக்கடி ஜலத்தைப் பரீக்ஷித்துச் செய்யவேண்டிய இவ்வேலையைக் கிராமத்தார் தாமாகச் செய்யத் துணிவது தகாது.

"சகல விஷத்தையும் நீக்கும்" என்று விற்கப்படும் கிருமிப் புட்டிகளையும் இவ்வாறே எச்சரிக்கையுடன் கருதவேண்டும். ஒரு கிருமி ஒருசில விஷங்களையே தின்னும். எந்தக் கிருமி, எந்த விஷத்திற்கு, எவ்வித மண்ணில் என்பதைச் சொல்லாத சரக்கிற்குப் பணம் கொடுப்பது வீண். அப்பணத்திற்குக் கொழிஞ்சி, சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதை வாங்கி விதைத்து, பூக்கும் சமயத்தில் நீர் கட்டி மடக்கி உழுதால், வயலில் ஏற்கெனவே உள்ள கிருமிகளுக்கு இரை கிடைக்கும், நெல்லுக்கும் உரமாகும்.

ஆகவே இவ்விஷயத்தில் செய்யத்தக்கவை பின்வருமாறு. வயல்களில் பரவிய பழைய மிச்சத்தைத் தழையுரத்திற்கும் நீருக்கும் காய்ச்சலுக்கும் விட்டுவிடலாம். குவியல்களைக் கிருமிகளிடம் விடலாகாது. மருந்து வைத்திருந்த பழைய கிடங்குகள், மருந்து டப்பாக்களைப் புதைத்த குழிகள் ஆகியவற்றை முதியவர்களிடம் விசாரித்து, சர்வே நம்பருடன் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பது கிராம நிர்வாக அதிகாரிக்குப் பெரிய சிரமமல்ல. அவ்விடங்களை அடுத்தும், அவற்றின் ஓடை கண்மாயில் விழும் இடத்திலும் வண்டல் வெட்ட அனுமதிக்காமலிருப்பது சிலாக்கியம். வெட்டத்தான் வேண்டுமெனில், முதலில் மண் மாதிரியைப் பூச்சிமருந்து மிச்சத்துக்கான பரீக்ஷைக்கு அனுப்பவேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகளைக் காட்டும் சாதாரண மண் பரீக்ஷையில் இவ்விஷம் தெரியாது. அருகிலுள்ள குடிநீர்க் கிணற்றையும் ஊருணியையும் இவ்வாறே பரீக்ஷிக்கவேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய மருந்தைப் புதைப்பதும், எரிப்பதும், வாய்க்காலில் கொட்டுவதும் கூடா. மழை படாத இடத்தில் பூட்டி வைத்து விவசாய அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும்.

அடுத்த கோடையில் கண்மாய் வற்றுமுன் இப்பதிவேடு தயாராகிவிடுமானால், வண்டி வண்டியாக வயலுக்குச் செல்வது உரமா, விஷமா என்ற சந்தேகத்திற்கு இடமிராது. பெரிய பட்டாதாரர்கள் முன்வந்து இவ்விஷயத்தைக் கிராம சபையில் எடுத்துச் சொல்வார்களாயின், மற்றவர்களும் பின்பற்றுவார்கள் என்பது நிச்சயம்.